அகோஃபாவுக்குக் கொடுத்த இடம்

சாட்சுவுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மணல் கிடையாது. ஆனாலும் லாவிகோப்பேயில் அவனுக்கு ‘மணல்காரன்’ என்றுதான் பேர். ஆற்று முகத்துவாரத்துக்கு அக்கரையில் சுடோமே என்று ஓர் ஊர் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே அதே ஆளுக்கு ‘மணல் திருடன்’ என்று பேர். இரண்டு ஊரிலும் முகத்துக்கு நேரேதான் சொல்வார்கள். கடற்கரைக்காரர்களுக்கு முதுகுக்குப் பின்னால் பேசுகிற நாகரிகமெல்லாம் ஒத்துவராது, அலைச் சத்தத்தில் யார் காதிலும் விழாது.

அவன் முதலில் மீன்பிடிக்கிறவனாகத்தான் இருந்தான். மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். கையில் கிடந்த மகன் செலோமைத் தூக்கி வளர்த்தவள் சாட்சுவின் தங்கை அகோஃபா. அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே மீனைப் புகையில் வாட்டுவாள், அப்படியே சந்தைக்கும் போவாள். ‘பிள்ளையை முதல்லயே ரெடி பண்ணிட்டா, இனி மாப்பிள்ளைதான் பாக்கி’ என்று ஊர் வாய் கூசாமல் சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டு, செலோம் வலைக்கயிறு பிடிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகுதான் சுடோமேயில் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். அவளுக்கு அசேயே என்று ஒரு மகள் பிறந்தாள். புருஷன் ஐவரி கோஸ்ட் பக்கம் மீன்பிடிக்கப் போனான். போனவன் போனவன்தான்.

முகத்துவாரத்தின் குறுக்கே, தண்ணீருக்கு அடியில் ஒரு மணல்திட்டு கிடந்தது. எங்கள் பக்கத்தில் கடல் எப்போதும் மணலைக் கிழக்கே பார்த்துத்தான் தள்ளும். மேற்கிலிருந்து வரும் மணல் லாவிகோப்பே கரையோரமாக நகர்ந்து, அந்தத் திட்டின் மேல் ஏறி, ஆற்றைக் கடந்து, சுடோமே கரையில் போய் இறங்கும். அதே திட்டின் மேல் அலை எழும்பி உடையும். திரும்பி வருகிற படகு அந்த உடைப்பில் மாட்டினால் தீர்ந்தது. செலோம் இருந்த படகும் அப்படித்தான் புரண்டது. பட்டப்பகல். கரையில் பெண்கள் மீன் வாங்கத் தட்டுகளோடு நின்றிருந்தார்கள். சாட்சு கழுத்தளவு தண்ணீரில் நின்று பார்த்தான். படகு கிடைத்தது, வலை கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. கூட்டம் என்று எங்கே நடந்தாலும் போய், முகத்துவாரத்தில் கல்சுவர் வேண்டும், திட்டை ஒழிக்க வேண்டும் என்று கத்துவதே வேலையாகப் போயிற்று. கடைசியில் தலைநகர் அக்ராவிலிருந்து எஞ்சினியர்கள் வந்தார்கள். இரண்டு ஊரையும் கூட்டிவைத்துப் பேசினார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுந்து நின்று வேண்டாம் என்றது ஒரே ஒருத்தி. அவள் சாட்சுவின் தங்கை.

“அண்ணே, அந்தத் திட்டு நம்ம செலோமை முழுங்குச்சு. இல்லன்னு சொல்லல. நானும்தான் அவன முதுகுல சொமந்தேன். ஆனா அதுமேல நடந்துதான் மணலு எங்க வாசலுக்கு வருது. நடுவுல செவுரு வச்சா அது எப்படி வரும்?” என்றாள் அகோஃபா.

“உன் வாசலுக்காக இன்னும் எத்தன வீட்டுப் பிள்ளைய பலி குடுக்கணும்ங்கற?” என்றான் சாட்சு.

கூட்டம் கைதட்டியது. அகோஃபா உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கைதட்டல் சாட்சுவுக்கு அன்றைக்கு இனித்தது. மகன் செத்ததிலிருந்து அவனுக்கு இனித்த ஒரே விஷயம் அதுதான், பாவி மனுஷனுக்கு.

எஞ்சினியர்கள் ஒன்றும் மறைக்கவில்லை. “அந்தம்மா சொல்றது சரிதான். மணல் இந்தப் பக்கமே தங்கிடும். வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் தங்கின மணல வெட்டித் தட்டைப்படகுல ஏத்தி அந்தப் பக்கம் கொட்டணும். அதச் செய்யலேன்னா சுடோமே நிக்காது” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். லாவிகோப்பே பெரியவர்கள் சாராயத்தைத் தரையில் ஊற்றி, முன்னோர்களைக் கூப்பிட்டு, கொடுப்போம் என்று சத்தியம் செய்தார்கள். மணலை அனுப்புகிற வேலைக்கு மேஸ்திரியாகச் சாட்சுவை வைத்தார்கள். மகன் இந்தக் கரையில் போனவன், தங்கை அந்தக் கரையில் இருக்கிறவள். இவனைவிட யார் நியாயமாக நடந்துகொள்ளப் போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சுவர் கட்டி முடிந்த முதல் வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் புதுமணல் மேடாக ஏறிக் கிடந்தது. வெட்டுவதற்கு முன் எஞ்சினியர் ஒருவர், “இதுல சமாதி கிமாதி எதுவும் இல்லையே?” என்று கேட்டார். அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. பிணம் புதைத்த மண்ணில் எங்கள் ஊரில் கடப்பாரை படக்கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் குழி தோண்டியபோது பேர் தெரியாத ஏதோ ஒரு கிழவரின் எலும்பு தட்டுப்பட்டது. அன்றோடு வேலை நின்றது. பிள்ளைகள் இன்னும் புதருக்குத்தான் ஓடுகிறார்கள்.

சாட்சு சிரித்துவிட்டான். “போன வருஷம் இது கடலு சார். மீனத்தான் பொதைச்சிருப்பாங்க.”

அந்த வருஷம் படகு படகாக மணல் அக்கரைக்குப் போனது. சுடோமே கரை அசையாமல் நின்றது. அகோஃபா அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அக்ப்ளே களியும் வெண்டைக்காய்க் குழம்பும் போட்டாள். குழம்பில் நண்டு போட்டிருந்தாள். “செவுரு கெட்டதில்லதான் அண்ணே, நீ இருக்கற வரைக்கும்” என்றாள். அவன் விரலைச் சப்பிக்கொண்டு தலையாட்டினான்.

அடுத்த வருஷம் மழை முடிவதற்குள் லாவிகோப்பேக்குப் புதுமணலில் ஆசை வந்துவிட்டது. அதுவரை மீன் புகைக்க இடமில்லாமல் ஒருத்தி அடுப்பில் இன்னொருத்தி இடித்துக்கொண்டிருந்த ஊர் அது. திடீரென்று கண் எட்டுகிற தூரம் வெள்ளை மணல். வரிசையாகப் புகையடுப்புகள் வந்தன. பையன்கள் பந்தாடக் கோல்கம்பம் நட்டார்கள். படகுகளை ஏற்றிப்போட விசாலமாக இடம் கிடைத்தது. சாட்சு பொக்லைனோடு போய் நின்றபோது புகையடுப்புக்காரி டேலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அடுப்பு எரியுது. எரியற அடுப்ப இடிப்பியா? உன் மகன் பசியோட வந்தா மீன் குடுத்தவ நான்.”

அவன் அடுப்புகளை விட்டுவிட்டு ஓரத்தில் ஈரமணலாகப் பார்த்து வெட்டினான். அனுப்ப வேண்டியதில் கால்வாசிகூடத் தேறவில்லை. அதற்கடுத்த வருஷம் அதுவும் இல்லை. வெட்டப் போவதற்குள் தோக்பே அவனைக் கூப்பிட்டனுப்பினார். தோக்பே என்றால் ஊர்த்தலைவர். அவர் நேராக யாரிடமும் பேசமாட்டார், அவருக்கு வாய் நுட்சுகாதான். வெண்ணெய் தடவின மாதிரிப் பேசுகிற ஆள்.

“தோக்பே கேக்கறாரு, உனக்கு என்ன அவசரம்னு” என்றான் நுட்சுகா. “கடலு குடுத்தத நாம ஏன் வாரிக் குடுக்கணும்? அவங்களுக்கு வேணும்னா கடலுகிட்ட கேக்கட்டும். நீயும் ஒரு வீடு போட்டுக்கோ. மகனத்தான் கடலு எடுத்துக்குச்சு, மண்ணாவது குடுக்கட்டும்.”

சாட்சு வீடு போடவில்லை. ஆனால் எதிர்த்தும் பேசவில்லை. பேசாமல் எழுந்து வந்தான். எல்லாக் கேடும் அந்தப் பேசாமல் எழுந்து வந்ததில்தான் ஆரம்பித்தது என்று நான் சொல்வேன்.

அக்கரையில் முதலில் தென்னை வரிசை போயிற்று. பிறகு ஜெபக்கூடம். பிறகு இடுகாடு, அலை பெட்டிகளை உருவி வெளியே போட்டது, நாய்கள் அவற்றை நோக்கி ஓடின. அதற்கப்புறம் அகோஃபாவின் அடுக்களை போயிற்று. அடுக்களை போன மறுநாள் அவள் தலையில் தட்டு ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு இக்கரைக்கு வந்தாள். சந்தை நாள், புதுமணலில் ஊரே நின்றது. அவள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து கையால் தட்டில் மணலை அள்ளினாள்.

“ஏ அகோஃபா, உன் மணலா இது? மச்சம் கிச்சம் இருக்கா? அடையாளம் சொல்லு பாப்போம்!” என்றாள் டேலா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அடையாளம் எதுக்குடி? வழிய விட்டாப் போதும். போக வேண்டிய எடத்துக்கு அதுவே போகும்” என்றாள் அகோஃபா.

தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படகுப் பக்கம் நடந்தாள். பந்தாடிக்கொண்டிருந்த தடியன் ஒருத்தன் பின்னாலேயே போய்த் தட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினான். மணல் முழுக்க அவள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. ஊரே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு சாட்சு பத்தடி தள்ளி நின்றிருந்தான்.

அவள் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தாள்.

“செலோம் இருந்திருந்தா இத விட்டிருப்பானா அண்ணே?”

அவன் அளவுகோலில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தான்.

“சரி விடு. இனி உன் கரையில நான் கால் வைக்கமாட்டேன். யாராவது தூக்கிட்டு வந்தாத்தான் உண்டு.”

எங்களில் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாலும் செத்தால் அப்பன் ஊர் மண்ணுக்குத்தான் வர வேண்டும். அதை நினைத்துத்தான் சொன்னாள். அப்போதும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்றைக்கு அந்த மனுஷனுக்கு உறைத்தது. உறைக்க இத்தனை காலமா என்று கேட்காதீர்கள், சிலருக்கு அப்படித்தான். மறுநாளே அக்கரைக்குப் போனான். அகோஃபா அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அசேயேதான் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது.

“அம்மா தூங்கறதே இல்ல மாமா. அலை அடிக்கறப்பல்லாம் செவுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா” என்றாள் அந்தப் பெண்.

“இந்த வருஷம் மழை முடிஞ்சதும் மொத்த மணலும் இங்க வரும். யாரு குறுக்க வந்தாலும் சரி. செலோம் மேல சத்தியம்” என்றான் சாட்சு. செத்த மகன்மேல் அவன் சத்தியம் செய்தது அதுதான் முதல் தடவை.

சொன்னபடி நின்றான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மாவட்ட ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தான். துரத்தினார்கள், மறுபடி போய் உட்கார்ந்தான். தொல்லை தாங்காமல் பொக்லைனும் தட்டைப்படகும் காவலுக்குப் போலீசும் அனுப்புகிறோம், திங்கட்கிழமை வரும் என்று சொன்னார்கள். சாட்சு நேராகத் தோக்பே வீட்டுக்குப் போனான்.

“திங்கக்கெழமை மணல எடுக்கறேன். அடுப்பு, கோல்கம்பம், எதுவும் தாங்காது. இப்பவே பிரிச்சுக்கச் சொல்லுங்க” என்றான்.

கத்தி ரகளை செய்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனவன் அவன். நுட்சுகா சிரித்தான். “எடு, எடு. போலீசோட வர்ற மெஷின யாரு தடுக்கறது? நம்மகிட்ட என்ன துப்பாக்கியா இருக்கு?”

வியாழக்கிழமை மத்தியானம் கடல் ஏறியது. சுடோமேயில் வீடு போகப்போகிறது என்று தெரிந்தால் முதலில் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொள்வார்கள். சுவரைக் கடல் தின்னட்டும், தகரமாவது மிஞ்சட்டும் என்று. திங்கட்கிழமை வரை தாங்காது என்று பயந்து அகோஃபா சுவர்மேல் ஏறித் தகரத்தின் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கீழே அசேயே ஆணிகளை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அடியில் மணல் இல்லாத சுவர் அப்படியே கடல் பக்கம் சாய்ந்தது. அகோஃபாவும் அதோடு போய் அதன் அடியில் கிடந்தாள். வெளியே எடுத்தபோது கையில் சுத்தியல் இருந்தது, உயிர் இல்லை.

பிணத்தைப் படகில் ஏற்றி அப்பன் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். லாவிகோப்பே அழுதது பாருங்கள், அப்படி ஓர் அழுகையை நான் கண்டதில்லை. டேலா மணலில் புரண்டாள். வழக்கமாக எங்களில் ஒருத்தர் செத்தால் மாதக்கணக்கில் ஐஸில் வைத்து, சொந்தபந்தம் சேர்ந்து, துணி எடுத்து, மெதுவாகத்தான் அடக்கம் செய்வோம். அகோஃபாவுக்கு எல்லாம் சனிக்கிழமைக்கே தயாராகிவிட்டது. பெட்டி வந்தது, பேண்டுவாத்தியம் வந்தது, எல்லாம் ஊர்ச் செலவு. சாட்சுவுக்கு ஏதோ நெருடியது. ஆனால் அழுகையில் இருந்த ஆளுக்கு யோசிக்க எங்கே நேரம்?

சனிக்கிழமை காலை நுட்சுகா வந்து அவன் தோளில் கை போட்டான்.

“தோக்பே சொல்றாரு, நம்ம பொண்ண நாமதான் அவமானப்படுத்திட்டோம். அதுக்குப் பரிகாரமா நல்ல எடமாக் குடுப்போம். பழைய இடுகாடு வேணாம், ஒரே சகதி. புதுமணல்ல, நட்டநடுவுல, கடல் பாத்த மாதிரி வைப்போம்.”

சாட்சுவுக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது.

“அடப்பாவிகளா. அவளக் கொன்னது போதாதா? அங்க வச்சா மணல எடுக்க முடியாதுடா!”

“மெதுவாப் பேசு, துக்க வீடு” என்றான் நுட்சுகா. “கூடப்பொறந்தவன் மொத மண்வெட்டி போடணும், அது உன் உரிமை. நீ மாட்டேன்னா யாரும் வற்புறுத்தல. ஆனா நீ போடாத குழியில அவள வைக்க முடியாது. பெட்டிய அக்கரைக்கே திருப்பி அனுப்பிடறோம். அங்க எடம் இருக்கா? இடுகாட்டுலதான் இப்ப மீன் மேயுதாமே.”

“எங்கப்பன் பக்கத்துல வை. பழைய இடுகாட்டுலயே வை. சகதின்னா சகதி.”

“அங்க எடம் குடுக்கறதும் தோக்பேதானேப்பா.”

பேசிக்கொண்டிருக்கும்போதே அசேயே வந்தாள். கறுப்புத் துணி கட்டியிருந்தாள், அதுவும் ஊர் கொடுத்தது. யாரோ அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நேராக நுட்சுகாவின் முன்னால் மண்டியிட்டாள்.

“எங்கம்மாவ இந்த மணல்லதான் அசிங்கப்படுத்துனாங்க. இப்ப அதே மணல்ல நடுவுல எடம் குடுக்கறீங்க. தோக்பேக்கு நன்றி சொல்லுங்க ஐயா.” பிறகு சாட்சுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாவுக்கு மனசு ஆறியிருக்கும் மாமா. வாங்க, நீங்கதானே மொதல்ல வெட்டணும்.”

சொல்லியிருக்கலாம். இது இடம் இல்லை, பூட்டு. உன் அம்மாவை வைத்து உன் ஊரைப் பூட்டப்போகிறார்கள் என்று அந்தப் பெண்ணிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறந்தான். அழுது வீங்கிய அந்த முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. பெட்டி வெயிலில் கிடந்தது. திருப்பி அனுப்பினால் அகோஃபாவையும் அலை உருவி எடுக்கும், நாய் ஓடும். வாயை மூடிக்கொண்டான். புதுமணலின் நடுவில் போய் நின்று மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். பேண்டுவாத்தியம் முழங்கியது. குழி வெட்டி முடிந்து, பெட்டி இறங்கி, மூடி, மேலே கொட்டிய மணலைப் பெண்கள் கையாலேயே தட்டித் தட்டிச் சரிசெய்தார்கள். டேலாவும் தட்டினாள்.

திங்கட்கிழமை சொன்னபடி பொக்லைன் வந்தது. போலீஸ் வந்தது. தட்டைப்படகு கரையில் ஒதுங்கியது. அக்கரையில் சுடோமே சனம் மிஞ்சியிருந்த கரையில் வரிசையாக நின்றிருந்தது தெரிந்தது. அசேயே விடிந்ததும் முதல் படகில் வந்துவிட்டாள். முதல் மணல் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

பொக்லைன் டிரைவரும் இந்தக் கடற்கரைக்காரன்தான். மேட்டில் ஏறினான், மாலை போட்டிருந்த புதுச் சமாதியைப் பார்த்தான், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினான். “இதுல நான் கை வைக்கமாட்டேன்” என்றான். போலீஸ்காரர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். சாட்சு ஓடினான். ஓரத்தில் வெட்டு, அந்தப் பக்கம் வெட்டு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். “ஓரத்துல வெட்டினா நடுவும் சரிஞ்சு வரும். அது உனக்கே தெரியும் மேஸ்திரி” என்றான் டிரைவர். சாட்சுவுக்குத் தெரியும். மணலைப் பற்றி அவனுக்குத் தெரியாததா.

அசேயே மேடேறி வந்தாள்.

“மெஷின் ஏன் நிக்குது மாமா?”

அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“உங்கம்மா படுத்திருக்காம்மா. அதான்.”

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. சமாதியைப் பார்த்தாள், பொக்லைனைப் பார்த்தாள், தூரத்தில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு அக்கரையில் கைதூக்கி ஆட்டிக்கொண்டிருந்த தன் சனத்தைப் பார்த்தாள்.

“உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

சாட்சு குனிந்து சமாதிமேல் கிடந்த மாலையைச் சரிசெய்தான்.

“அப்ப, மொதல்ல வெட்டினது நீங்கதானே. அம்மாவ நீங்களே எழுப்புங்க மாமா” என்றாள் அசேயே. “எழுப்பி அங்க அனுப்பிவைங்க. நான் போய் அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?”

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் படகை நோக்கி இறங்கிப் போனாள். அந்தப் பக்கமிருந்து நுட்சுகாவின் ஆட்கள் சமாதி கட்ட சிமெண்ட் மூட்டை தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கே இறக்குவது என்று மேஸ்திரியிடம்தான் கேட்டார்கள்.